ஓவர் சொல்லும் வரை

மொட்டை மாடியில் புதிதாக நட்ட ரேடியோ ஆன்டெனாவுக்குத் தலைகால் புரியவில்லை. கடல் தாண்டி யார் யாரோ பேசுவதெல்லாம் அதன் காதில் விழுந்தது. அதை இழுத்துப் பிடித்திருந்த மூன்று கயிறுகளில் மேற்குக் கயிறு மட்டும் கீழே குனிந்து பார்த்தது. காற்று வலுத்துவிட்டது. தண்ணீர்க் குழாயில் போட்டிருந்த அதன் முடிச்சு நழுவிக்கொண்டிருந்தது.

"அண்ணே, முடிச்சு நழுவுது! கீழே ரேடியோவுல கொஞ்சம் கரகரன்னு சத்தம் போடுங்க, வீட்டுக்காரர் மேலே வந்து பார்ப்பார்."

"குறுக்கே பேசாதே! ஒருத்தர் பேசி முடிச்சு 'ஓவர்' சொன்ன பிறகுதான் அடுத்தவர் வாயைத் திறக்கணும். அதுதான் ரேடியோ மரியாதை. கடல் தாண்டிப் பேசுறவர் இன்னும் சொல்லலை."

கயிறு பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியது. ஒரு சுற்று கழன்றது.

"அப்படி என்னதான் அண்ணே பேசுறார்?"

"அவங்க ஊர்ல காத்து பலமா அடிக்குதாம். பாவம்."

கடைசிச் சுற்றும் கழன்றது. ஆன்டெனா கைப்பிடிச் சுவரில் மோதி, இரண்டாக மடங்கி விழுந்தது. அதன் உச்சி இப்போது கயிற்றின் பக்கத்திலேயே கிடந்தது.

"என்னமோ சொன்னியே," என்று முனகியது. "இப்போ சொல்லு, கேக்குறேன்."

"ஓவர்," என்றது கயிறு.