மோட்டார் ஓடாத சாயங்காலம்

சாயங்கால வெயில் ரைஸ் மில்லின் சாக்கு அறைக்குள் சாய்ந்து விழுகிறது; அதில் தவிட்டுத் தூசி மெல்ல மிதக்கிறது. அப்ஸானா டிரம்ஸுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். மோட்டார் ஓடும்போது மட்டும் வாசிப்பதுதான் அவர்களுடைய ஹார்ட்கோர் பங்க் என்கிற கத்தலும் வேகமுமான இசைக் குழுவின் பதினோரு வருஷப் பழக்கம். அந்த இரைச்சலுக்குள் ஒளிந்துகொண்டால் தெருவில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். சென்னையில் பையன்கள் இந்தக் குழுவின் பெயர் போட்ட பனியனோடு திரிகிறார்கள். இவர்கள் பதிவு செய்து அனுப்பிய பாட்டுகளைக் கேட்டுத்தான் தாங்களும் குழு தொடங்கியதாகச் சொல்கிறார்கள். சொந்த ஊரான இந்தச் செஞ்சியில் ஒருவரும் கேட்டதில்லை. கிதார் வாசிக்கிற ரபீக் துபாய்க்குப் போய்விட்டான். பாடுகிற இளையபெருமாள் மதியம் போனில், "போதும் அப்ஸானா, இதோட விட்டுடலாம்" என்றான். அவனுடைய மைக் கம்பத்தில் யாரோ ஒரு முறத்தை மாட்டியிருக்கிறார்கள்.

தவிடு அள்ளும் சின்னப்பொண்ணு எட்டிப் பார்க்கிறாள்.

"இன்னா பாப்பா, ஒண்டியா குந்தினு இருக்கிற? கூட்டாளிங்க எங்க?"

"வரமாட்டாங்கக்கா."

"அப்ப வூட்டுக்குக் கெளம்பு. இன்னிக்கு நெல்லே வரல, மோட்டாரு ஓடாது."

சின்னப்பொண்ணு போன பிறகு, கூரைத் தகரத்தில் புறா நடக்கும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கிறது. அப்ஸானா குச்சிகளைப் பைக்குள் வைக்கிறாள். திரும்ப எடுக்கிறாள். முதல் அடி சுவரில் மோதித் திரும்புகிறது. புறாக்கள் சிதறிப் பறக்கின்றன. இளையபெருமாள் கத்த வேண்டிய இடத்தில் யாரும் கத்தவில்லை. அவள் நிறுத்தாமல் அடிக்கிறாள். தெருவிலிருந்து ஒரு குரல் வருகிறது.

"யார்ரா அது, செவுத்த இடிக்கிறது?"

செஞ்சி கேட்டுவிட்டது. அவள் இன்னும் பலமாக அடிக்கிறாள்.