ஒருவழி வலை

பரணில் குடியேறிய வௌவால்களைக் கொல்லாமல் விரட்ட, பூச்சிமருந்து அடிப்பவர் கூரை இடுக்கில் ஒரு வலையைத் தொங்கவிட்டார்.

"வெளிய போகலாம், திரும்ப உள்ள வர முடியாது. அவ்வளவுதான் விஷயம்."

அன்று சாயங்காலம் வௌவால்கள் கிளம்பிய நேரத்தில் கணவரும் பால் வாங்கப் போனார். திரும்பி வந்தவர் திறந்திருந்த வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உள்ள வாங்களேன்."

"கால் வரமாட்டேங்குது."

மனைவி பதறிப்போய் வெளியே காலெடுத்து வைக்கப் போனாள்.

"நீ வராத," என்று அவசரமாகத் தடுத்தார்.

அவள் நாற்காலியையும் சாப்பாட்டையும் உள்ளிருந்தே நீட்டினாள். பிறகு பரணில் ஏறி, காய் நறுக்கும் கத்தியால் வலையை அறுத்தெறிந்தாள். அப்போதும் அவரால் வர முடியவில்லை.

விடியும்போது வௌவால்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கடைசி வௌவால் நுழைந்ததும் கணவரும் சாதாரணமாக உள்ளே வந்தார்.

"டீ போடு. மூணு டம்ளர்."

"மூணாவது யாருக்கு?"

"ராத்திரி முழுக்க எனக்குப் பேச்சுத்துணைக்கு இருந்தாரே, அவருக்கு. நமக்கு முன்னாடி இந்த வீட்ல இருந்தவராம். அப்பவும் இதே மாதிரி வலை கட்டினாங்களாம்."

அவள் எட்டிப் பார்த்தாள். வெளியே யாரும் இல்லை. அடுப்பைப் பற்றவைத்தாள். வாசல் மிதியடியில் யாரோ வெகுநேரம் கால் துடைக்கும் சத்தம் கேட்டது.