மதியத்துக்கு மேல் புத்தகம் மாறும்

மாநிலத்தின் அரசியல் சாசனத்தைத் தேவசகாயம் உரக்க வாசிப்பார். தேசத்தின் சாசனத்தை எதிரில் விரித்துவைத்து மரகதவல்லி விரலோட்டிக்கொண்டே வருவாள். மாநிலம் சொல்வது தேசத்தில் இல்லையென்றால் அவள் அடிக்கோலால் மேசையில் ஒரு தட்டு தட்ட வேண்டும். அவர் அந்த வரியைச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிடுவார். இரண்டும் ஒன்றுபோல ஆகிவிட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. காலையிலிருந்து தட்டித் தட்டி அவளுக்குக் கை ஓய்ந்துபோயிருந்தது.

“ஆற்றங்கரையில் குடியிருப்போரை அவர்கள் சம்மதமின்றி அப்புறப்படுத்தலாகாது” என்று வாசித்துவிட்டு அவர் நின்றார்.

அவள் வீடு ஆற்றங்கரையில்தான் இருந்தது. அணை கட்டுவதற்காக மண் வெட்டும் இயந்திரங்கள் எதிர்க்கரைக்கு வந்துவிட்டிருந்தன. அவள் விரல் தேசத்தின் பக்கங்களில் மேலும் கீழும் அலைந்தது. அப்படியொரு வரி எங்குமே இல்லை.

“என்னம்மா, இருக்கா?”

“இருக்கு சார்.”

அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார். அவளுக்குத்தான் அதற்குப் பிறகு எதுவும் காதில் ஏறவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு புத்தகங்களை மாற்றிக்கொண்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை பார்ப்பது அந்த அலுவலகத்தின் வழக்கம்.

மதியம் அவள் வாசித்தாள். அந்த ஆற்றங்கரை வரி வந்தது. தாண்டிப் போய்விடலாமா என்றிருந்தது; காலையில் தன் வாயால் வாசித்தவருக்கு மறந்திருக்குமா? ஒரு சொல் விடாமல் வாசித்துவிட்டு நின்றாள்.

தேவசகாயம் பக்கத்தைப் புரட்டவேயில்லை. தூக்கிய அடிக்கோலை இறக்காமல், “உன் வீடு எந்தக் கரையிலம்மா?” என்று கேட்டார்.