அட்டைப் பாறை

சிவாஜிநகர் டாக்கீஸில் முகமூடி வீரன் படத்தின் மதியக் காட்சி ஓடுகிறது. பீடிப் புகையைக் கிழித்துக்கொண்டு நீளும் வெளிச்சத்துக்குக் கீழே, பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருக்கிறார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்த ஜெயவேலு. பழைய பேப்பர் கடையில் வாங்கிய இங்கிலீஷ் படக்கதையில், இடிந்த சுரங்கத்தின் கூரையை இதே முகமூடி வீரன் ஒற்றைத் தோளில் தாங்குகிறான். அவன் கால்களுக்கிடையே ஆட்கள் ஒவ்வொருவராக ஊர்ந்து வெளியே வருகிறார்கள். அதில் ஒருவனுக்கு, பாறை சரிந்து சுரங்கத்துக்குள்ளேயே போய்விட்ட ஜெயவேலுவின் தம்பியின் சாயல். அந்தப் பக்கத்தை அவர் பார்க்காத நாளில்லை. திரையிலும் இப்போது சுரங்கம் இடிகிறது. வீரன் கம்பியில் ஆடி ஆடி இறங்குகிறான். பாறையொன்று அவன் தலையில் பட்டுப் பந்துபோல எகிறுகிறது. "டேய், அட்டைடா!" என்று யாரோ கத்த, கொட்டகையே விசிலடிக்கிறது. வீரன் கதாநாயகியை மட்டும் தூக்கிக்கொண்டு பறந்துவிடுகிறான். முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிக்கும் மனைவி ரஞ்சிதம், அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்குகிறாள். "இன்னாங்க, எழுந்து போலாமா?" ஜெயவேலு பெஞ்சை இறுகப் பிடித்திருக்கிறார். "உள்ள ஆளுங்க கீறாங்க, ரஞ்சிதம். அவன் பாட்டுக்குப் போறான்."