இடம் போதுமா?

"உலகத்துல பேய்னு எதுவும் கிடையாது. சரியா மாட்டாத ஒயர்தான் உண்டு" என்று தம்பி பிரகடனம் செய்தான்.

இறந்துபோன அண்ணன் தன் கையாலேயே வீட்டில் செய்த பொக்லைன் அது. தம்பி அதன் நான்கு லிவர்களையும் கழற்றிவிட்டு ஒரே ஜாய்ஸ்டிக்கைப் பொருத்தியிருந்தான்.

"அவர் கைபட்டதாச்சே, விட்டிருக்கலாம்" என்ற அண்ணி, காலி சீட்டிடம் சொன்னாள்: "ஏங்க, தம்பி உக்காரணுமாம். கொஞ்சம் தள்ளிக்கோங்க."

"செத்தவர்கிட்ட பர்மிஷனா? நல்லா இருக்கு அண்ணி."

சிரித்தபடியே ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினான். ஜாய்ஸ்டிக்கைச் சாய்த்ததும் பக்கெட் பூப்போல எழுந்தது.

"பாத்தீங்களா? லிவரே வேண்டாம்."

அண்ணி ஜாய்ஸ்டிக்கின் ஒயர் முனையை நீட்டினாள். "இதை எங்க சொருகணும்னு நீ இன்னும் சொல்லலையே தம்பி."

தம்பி சீட்டின் ஓரத்துக்கு நகர்ந்தான்.

"அண்ணா" என்றான் மெல்ல, "இடம் போதுமா?"