மிட்டாய்த் தாள்

“புருஷனை நட்டாத்துல விட்டுட்டு மிட்டாய் சப்பிக்கிட்டுப் போறா, பாருங்க!”

பல் டாக்டரம்மா தன் கணவரின் காதைக் கடித்தாள்.

தீவுக்குச் சுற்றுலா வந்த கும்பல், வழிகாட்டியின் பின்னால் கடலோரப் பாதையில் நடந்துகொண்டிருந்தது. கிளம்பும்போதே அந்தப் பெண்ணின் கணவர் ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் வந்தார். யார் என்ன கேட்டாலும் பதில் கிடையாது.

“திமிர்!” டாக்டரம்மா அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

முதல் மேட்டிலேயே மனிதர் உட்கார்ந்துவிட்டார். ‘போங்க, போங்க’ என்று கையை வீசினார். வழிகாட்டிக்குப் படகைப் பிடிக்கிற அவசரம்.

“மெதுவா வரட்டும். சாப்பிடற இடத்துல சேர்ந்துக்குவாரு.”

அந்த மகராசி அவர் காதில் ஏதோ சொன்னாள். கும்பலோடு வந்துவிட்டாள்.

பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் வழிகாட்டி நின்றான்.

“கீழ்ப் பக்கம் யாரும் இறங்கிடாதீங்க. மணல் அழகா இருக்கும். மத்தியானத்துக்கு மேல கடல் ஏறிச்சுன்னா திரும்ப வழி கிடையாது.”

எல்லாரும் மேல்பக்கம் திரும்பினார்கள். அவள் மட்டும் குனிந்து, மஞ்சள் மிட்டாய்த் தாளைப் பாதையில் போட்டாள்.

“ஏம்மா, இது என்ன உங்க வீட்டுக் கொல்லையா?” என்றாள் டாக்டரம்மா.

“தப்புதாங்க,” என்றாள் அவள்.

அடுத்த பிரிவிலும் ஒன்று. அதன் மேல் கூழாங்கல் வேறு.

“ஒளிச்சு வைக்கிறாளாம்!”

“உனக்கேன் வம்பு?” என்றார் டாக்டரம்மாவின் கணவர்.

“நீங்க சும்மா இருங்க. இந்த மாதிரி ஆளுக்கு வாயால சொன்னா ஏறாது. எல்லாத்தையும் பொறுக்கி, சாப்பிடற இடத்துல நாலு பேர் பார்க்கக் கொட்டறேன். அப்பத்தான் உறைக்கும். இத்தனை மிட்டாய் தின்னா பல்லு தங்குமா? கடைசியில எங்கிட்டதான் வந்து வாயைத் திறக்கணும்.”

குப்பை பொறுக்குவதற்காகவே டாக்டரம்மா கடைசி ஆளாக நடந்தாள். முதல் தாளை அப்போதே எடுத்துப் பையில் போட்டிருந்தாள்.

சாப்பிட்டு முடித்தாயிற்று. அந்த மனிதர் வந்து சேரவில்லை. அவள் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. வந்த பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டரம்மா பையைக் கவிழ்த்தாள். மஞ்சள் தாள்கள் அந்தப் பெண்ணின் காலடியில் விழுந்தன. யாரோ கைகூடத் தட்டினார்கள்.

“எடுத்துக்குங்கம்மா, உங்க சொத்து!”

அவள் குனிந்து தாள்களை அள்ளினாள்.

“எல்லாத்தையுமா எடுத்துட்டீங்க?”

“பின்னே? ஒண்ணு விடல.”

“பக்கவாதத்துல அவருக்குப் பேச்சு போயிடுச்சுங்க. யாரையும் வழி கேட்க முடியாது. நான் கூட நடந்தா, ‘என்னால உனக்குத் தொல்லை’ன்னு அங்கயே உட்கார்ந்துடுவாரு. அதான்… மஞ்சத் தாள் கிடக்கிற பக்கமா வாங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.”

வழிகாட்டி வந்த வழியே ஓட ஆரம்பித்திருந்தான். கீழே, மணல் இருந்த இடத்தில் தண்ணீர்.

அவள் டாக்டரம்மாவின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள்.

“அக்கா, ஒண்ணாவது… ஒரே ஒண்ணாவது பார்க்காம விட்டிருப்பீங்க, இல்ல?”