முடிச்சுத் தெரியாதவர்கள்

கொக்கி மறுபடியும் கழன்று மேசைமேல் விழுந்தது.

"மீன் நம்மளப் பாத்துச் சிரிக்கப் போகுது சார்!" என்றார் கோதண்டராமன். அயல்நாட்டுப் புறநகரான மவுண்ட் ரோஸ்கிலில் அவர் வீட்டுக் கூடமே குலுங்கிச் சிரித்தது.

சனிக்கிழமை வடகோடி ஏரிக்குப் புறப்பாடு. கடைக்கும் கைப்பேசிக்கும் எட்டாத நன்னீர். வண்டி தயார், கூடாரம் தயார், புளிக்காய்ச்சலும் தயார். கொக்கியில் தூண்டில் நரம்பைக் கட்டத்தான் ஆளில்லை. காணொளியைப் பார்த்து ஒவ்வொருவராக முடிச்சிட்டார்கள், இழுத்தால் அவிழ்ந்தது.

அடுத்து மோகனதாஸின் முறை.

அவர் விரல்களுக்கு அந்த முடிச்சு தெரியும். தரங்கம்பாடிக் கரையில், அப்பாவின் கட்டுமரத்தருகே உட்கார்ந்து பழகியது. இருட்டிலும் விரல் தானே போட்டுவிடும். அதுதான் அச்சம்.

சரியாக விழுந்தால், எங்கே கற்றீர்கள் என்பார்கள். பிறகு ஊர், ஊருக்குப் பிறகு தெரு, தெருவுக்குப் பிறகு சாதி. கல்லூரி விடுதியில் ஒருவன் மூக்கைப் பொத்திக்கொண்ட நாள்முதல் கேட்பவர்களுக்கு அவர் சொல்லும் ஊர் மாயவரம்.

என்ன நீதி இது! வலை வீசியவன் கூசி நிற்க, வறுத்து உண்டவன் நிமிர்ந்து நடப்பதோ? கடலைக் கடந்தும் அந்தக் கூச்சத்தைக் கடக்கவில்லையே!

மோகனதாஸ் விரல்களை அடக்கி, கடைசிச் சுற்றை வேண்டுமென்றே விட்டார். கோதண்டராமன் இழுத்தார். அவிழ்ந்தது. கைதட்டல்.

நரம்பு, கும்பகோணத்துச் சுந்தரத்திடம் போனது. அலுவலகத்தில் ஆண்டுக்கணக்காக மோகனதாஸின் பக்கத்து இருக்கைக்காரர். அவரும் தடுமாறினார், தலையைச் சொறிந்தார், கோணல்மாணலாக ஒரு முடிச்சிட்டார்.

இறுக்குமுன், அதை உதட்டில் வைத்து நனைத்தார்.

மோகனதாஸ் சட்டென்று நிமிர்ந்தார்.

காய்ந்த நரம்பை இறுக்கினால் உராய்ந்து வலுவிழக்கும். காணொளியில் அது இல்லை. கரையில் வளர்ந்த வாய் மட்டும், பொய் முடிச்சிலும் அதை மறப்பதில்லை.

சுந்தரத்தின் கொக்கியும் கழன்று விழுந்தது.

மோகனதாஸ் அதை எடுத்தார். சுற்றினார், கோத்தார், சுந்தரத்தைப் பார்த்தபடியே உதட்டில் நனைத்தார், இறுக்கினார். கோதண்டராமன் பல்லைக் கடித்து இழுத்தார். முடிச்சு அசையவில்லை.

 சுந்தரத்தின் முகம் மெல்ல மலர்ந்தது.

"மாயவரத்துல ஏது சார் கடல்?"

"உங்க கும்பகோணத்துல இருக்கே, அதே கடல்தான்!"